மட்டையில் வலை, பள்ளியில் அணி: லாக்ராஸ் கேள்வி–பதில்

அமெரிக்கப் பள்ளிகளில் லாக்ராஸ் பரவிவருவதை ஒட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு குறிப்பு: நீண்ட கம்பு, அதன் தலையில் சின்ன வலைப்பை. கெட்டியான ரப்பர் பந்தை அந்தப் பையில் ஏந்தி ஓடி, வீசி, பிடித்து, ஆறடிக்கு ஆறடி கோலுக்குள் அடிக்க வேண்டும். பையன்கள் ஆட்டத்தில் பக்கத்துக்குப் பத்துப் பேர். உடம்போடு மோதலாம். பெண்கள் ஆட்டத்தில் பன்னிரண்டு பேர். மோதக் கூடாது.

மேரிலாந்தில் என் அக்கா பையனுக்கு லாக்ராஸ் என்பது பள்ளியே நடத்தும் ஆட்டம். இங்கே டெக்சஸில் என் மகன் பள்ளியில் அது ‘கிளப்’ என்கிறார்கள். சட்டை மேல் பள்ளியின் பெயர்தான் இருக்கிறது. அப்புறம் என்ன வித்தியாசம்?
(டாலஸ் பக்கத்து வாசகி)

வித்தியாசம் சட்டையில் இல்லை, யார் பொறுப்பு என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் பள்ளி விளையாட்டுகளை நடத்த ஒரு சங்கம் உண்டு. அது ஒரு ஆட்டத்தை அங்கீகரித்தால் மாநிலப் போட்டி அதன் பெயரில் நடக்கும். பயிற்சியாளர் பள்ளியின் ஊழியராவார். படிப்பில் தேறினால்தான் ஆடலாம் என்ற விதியும், பேருந்தும், காயத்துக்கு நிற்கும் அத்லெட்டிக் டிரெயினரும் தானாக வந்து சேரும்.

டெக்சஸின் பள்ளிச் சங்கமான யூ.ஐ.எல். லாக்ராஸைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. டெக்சஸ் ஹைஸ்கூல் லாக்ராஸ் லீக் என்ற தனி அமைப்புதான் பையன்களுக்கான போட்டிகளை நடத்துகிறது. ஆட்டத்தின் தரத்தில் இதனால் குறை ஒன்றுமில்லை. டாலஸிலும் ஹூஸ்டனிலும் உள்ள நல்ல அணிகள் கிழக்குக் கரை அணிகளோடு தைரியமாக மோதக்கூடியவை. சுமை பெற்றோர் தலையில் விழுகிறது, அதுதான் வித்தியாசம்.

மற்ற மாநிலங்களில் அங்கீகாரம் மெதுவாகத்தான் வந்தது. மிச்சிகன் 2005, மினசோட்டா 2007, ஒஹாயோ 2017, இல்லினாய்ஸ் 2018. யூட்டா 2020 வசந்தத்தில் தொடங்க இருந்தது. கொரோனா வந்து சீசனையே விழுங்கியதால் முதல் மாநிலப் பட்டம் 2021இல்தான் கிடைத்தது. இந்த வருடங்களைப் பார்த்து அந்தந்த மாநிலத்தில் ஆட்டம் அப்போதுதான் பிறந்தது என்று எண்ண வேண்டாம். எல்லா இடத்திலும் கிளப்பாகப் பல வருடம் ஓடி, போதிய பள்ளிகள் சேர்ந்த பிறகே சங்கம் கதவைத் திறந்தது. உங்கள் மகன் ஆடுவது அந்த முதல் கட்டத்தில்.

பணம் கட்டுவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக் காப்பீடு யார் பெயரில்? பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் டிரெயினர் வருவாரா, ஆட்டத்துக்கு மட்டுமா? மைதானம் பள்ளியுடையதா, மாலைக்கு மாலை வாடகைக்கு எடுப்பதா? கட்டணத்தில் ஹெல்மெட்டும் நடுவர் கூலியும் அடங்குமா? கடைசிக் கேள்வியை விட்டவர்கள்தான் சீசன் பாதியில் இரண்டாவது காசோலை எழுதுகிறார்கள்.

இந்த ஆட்டம் ஏன் இத்தனை காலம் கிழக்கு மூலையிலேயே முடங்கிக் கிடந்தது?
(டென்வர்)

முடங்கியது நவீன வடிவம்தான். ஆட்டம் இந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது. ஹோடனோஷோனி மக்கள் இன்றும் இதைப் படைத்தவனின் ஆட்டம் என்று சொல்கிறார்கள். உலகப் போட்டிகளில் தங்கள் சொந்தக் கொடியோடு தனி நாடாக ஆடுகிறார்கள். மான்ட்ரியாலைச் சேர்ந்த பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் 1867இல் விதிகளை எழுதி அச்சிட்டார். அங்கிருந்து தெற்கே இறங்கியது. நியூயார்க் மாநிலம், லாங் ஐலண்ட், பால்டிமோர் என்று வேர் பிடித்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிராக்யூஸ், கடற்படைக் கல்லூரி போன்ற இடங்களில் ஆடியவர்கள் அதே வட்டாரப் பள்ளிகளுக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார்கள். அங்கே படித்த பையன்கள் அதே கல்லூரிகளுக்குப் போனார்கள். நூறு வருடம் இந்தச் செக்கு இப்படியே சுற்றியது. மேரிலாந்து 2004இல் லாக்ராஸைத் தன் அதிகாரபூர்வக் குழு விளையாட்டாக அறிவித்தது. (அந்த மாநிலத்தின் பழைய அதிகாரபூர்வ விளையாட்டு குதிரை மேலேறி ஈட்டியால் வளையம் குத்துவது. அதற்குப் பள்ளி அணி கேட்டு யாரும் வரவில்லை.)

செக்கை உடைத்தது வேலைவாய்ப்பு. கல்லூரியில் ஆடியவர்கள் அட்லாண்டா, டென்வர், டாலஸ், சார்லட் என்று குடியேறி, தங்கள் பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமைகளில் பூங்காவில் கோலை நட்டார்கள். இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1972இல் வந்த ‘டைட்டில் ஒன்பது’ சட்டப்படி பள்ளி விளையாட்டில் பெண்களுக்கும் சம வாய்ப்பு வேண்டும். ஒரே ஆட்டத்தில் இருபதுக்கு மேல் பெண்களைச் சேர்க்க முடிகிற லாக்ராஸ், பள்ளி நிர்வாகங்களுக்கு வசதியாக இருந்தது. இன்று நாடு முழுக்கப் பள்ளி அணிகளில் ஆடும் பையன்கள் ஒரு லட்சத்துக்கு மேல். பெண்கள் எண்ணிக்கை அதற்குச் சற்றே கீழே.

உங்கள் ஊரே பெரிய சாட்சி. டென்வர் பல்கலைக்கழகம் 2015இல் கல்லூரி ஆட்டத்தின் உச்சத் தட்டான முதல் பிரிவில் ஆண்கள் பட்டத்தை வென்றது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கிலிருந்து அதை வென்ற முதல் அணி அதுதான். பயிற்சியாளர் பில் டியர்னி அதற்கு முன் பிரின்ஸ்டனில் பட்டங்கள் குவித்தவர். பெண்கள் பக்கம் சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் பத்து வருடம் முன்பே, 2005இல், பட்டம் வென்று கிழக்குக் கரை வேலியைத் தாண்டிவிட்டது.

மகனுக்குப் புது ஸ்டிக் வாங்கினோம். எப்படி வீசினாலும் பந்து அவன் காலடிக்கு நாலு கஜம் முன்னால் தரையில் குத்துகிறது. கை தப்பா, ஸ்டிக் தப்பா?
(ஆஸ்டின்)

பத்தில் ஏழு தடவை ஸ்டிக்தான். கடையில் கட்டிவரும் வலை பழகாதது. பந்து அதில் எங்கே உட்கார வேண்டும் என்று வலைக்கே இன்னும் தெரியாது.

ஸ்டிக்கைக் கிடையாகப் பிடித்துப் பந்தை வலையில் போடுங்கள். குழி தலையின் நடுப்பகுதியில் விழுகிறதா, கம்புப் பக்கம் அடியில் விழுகிறதா என்று பாருங்கள். மேலே, வாய் ஓரத்தில், குறுக்கே ஓடும் இரண்டு மூன்று கயிறுகள் ஷூட்டிங் ஸ்ட்ரிங்ஸ். பந்து வெளியேறும்போது கடைசியாக உரசுவது அவற்றைத்தான். அவை மிக இறுக்கமாக இருந்தால் பந்து அங்கே தட்டிப் பிடிபட்டு, கம்பு முன்னால் சாய்ந்த பிறகே விடுபடும். அதனால் தரையில் குத்துகிறது. ஆடுபவர்கள் இதை ‘விப்’ என்பார்கள். தளர்ந்து கிடந்தால் நேர் எதிர், பந்து சீக்கிரம் நழுவி நண்பன் தலைக்கு மேல் போகும்.

உங்கள் மகனுக்கு வேண்டியது தளர்த்துதல். முடிச்சை அவிழ்த்து, கயிறு ஒவ்வொன்றையும் கால் அங்குலம் மட்டும் விட்டு, மறுபடி கட்டி, பத்து முறை வீசிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கீழ்க் கயிறு இறுகி மேல் கயிறு தொய்ந்திருந்தால் நடுவில் ஒரு மேடு உண்டாகும். விரலைக் குழியிலிருந்து வாய்வரை ஓட்டினால் தட்டும். சறுக்குமரம் போல ஒரே சீராக ஏற வேண்டும். ஷூட்டிங் கயிறுகள் தலையின் மேல் விளிம்பிலிருந்து நான்கு அங்குலத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி, அதனால் கீழே புதிதாக ஒன்று சேர்க்காதீர்கள்.

வலை பழக, தினமும் பத்து நிமிடம் பந்தை உள்ளே வைத்துக் கட்டைவிரலாலோ, ஸ்டிக்கின் அடிக்கம்பாலோ குத்துங்கள். இரவில் பந்தை அழுத்திக் கட்டி வைப்பவர்கள் உண்டு. அதில் குழி ஆழமாகிவிடும், கவனம். கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்துப் பக்கவாட்டில் பார்க்கும்போது பந்தின் மேற்பகுதி ஸ்டிக் தலையின் பக்கச் சுவரின் கீழ் விளிம்புக்கும் கீழே தொங்கினால் பையன்கள் ஆட்டத்தில் அது சட்டவிரோத ஸ்டிக். நடுவர் ஆட்ட நடுவே வாங்கிச் சோதிப்பார். பெண்கள் ஸ்டிக்கில் இன்னும் கெடுபிடி: பந்தின் தலை பக்கச் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த வலை தொய்யும். ஈர நாளில் ஆட்டத்துக்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் குத்தினால் கையைப் பாருங்கள். புதியவர்கள் கம்பை ஈட்டிபோலத் தள்ளுவார்கள். மேல் கை காதுக்குப் பின்னால் தொடங்கி, கீழ்க் கை கம்பின் அடியை விலாப் பக்கம் இழுக்க வேண்டும். வீச்சு அந்த இழுப்பில் இருக்கிறது.

அக்கம்பக்கத்தில் லாக்ராஸ் ஆடும் பிள்ளைகளே இல்லை. தனியாக எப்படிப் பழகுவது?
(ஐடஹோ)

சுவர் போதும். செங்கல் அல்லது கான்கிரீட் சுவர், பள்ளியின் பின்பக்கம் இருந்தால் மிக நல்லது. வீட்டின் வினைல் பலகையிலும் கராஜ் கதவிலும் அடிக்க விடாதீர்கள், முதல் வாரத்திலேயே பிளக்கும். ஐந்து கஜம் தள்ளி நின்று வலக்கையில் 50, இடக்கையில் 50, வலக்கையில் வீசி இடக்கைக்கு மாற்றிப் பிடிப்பது 25, மறுபுறம் 25. இருபது நிமிடம் ஆகும். இடக்கை அசிங்கமாகத்தான் வரும். அசிங்கமான கையை விட்டுவிட்டு நல்ல கையிலேயே நூறு அடிக்கும் பிள்ளைதான் பள்ளி அணியில் ஒற்றைக்கை ஆட்டக்காரனாக மாட்டிக்கொள்கிறது. எதிரணி இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்து அந்தப் பக்கத்தை அடைத்துவிடும்.

எங்கள் பள்ளியில் அணி இல்லை. பத்துப் பதினைந்து பெற்றோர் சேர்ந்து பையன்கள் அணி தொடங்கப் பார்க்கிறோம். என்னென்ன வேண்டும்? எங்கே சறுக்கும்?
(கான்சஸ் நகர வட்டாரம்)

முதலில் ஆள் கணக்கு. மைதானத்தில் மூன்று அட்டாக், மூன்று மிட்ஃபீல்டு, மூன்று டிஃபென்ஸ், ஒரு கோலி (கோல் காப்பவர்). பத்துப் பேர் இருந்தால் ஆட்டம் நடக்கும் என்று நினைக்காதீர்கள். மிட்ஃபீல்டர்கள் மைதானம் முழுக்க ஓடுபவர்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். மூன்று செட், ஒன்பது பேர். அட்டாக் நாலைந்து, டிஃபென்ஸ் நாலைந்து, கோலி இரண்டு. இருபது பேர் இல்லாமல் சீசனைத் தொடங்கினால் நாலாவது வாரம் இரண்டு கணுக்கால் சுளுக்கிலும் ஒரு கணிதப் பரீட்சையிலும் அணி கலையும்.

கோலி பிரச்சினை தனி. யாரும் முன்வர மாட்டார்கள். முன்வரும் ஒருவனை முதல் நாளே ரப்பர் பந்துக்கு எதிரே நிறுத்தினால் கண்ணை மூடப் பழகிவிடுவான், பிறகு அந்தப் பழக்கத்தைக் கழற்றவே முடியாது. முதல் இரண்டு வாரம் டென்னிஸ் பந்து. கண் திறந்தபடி பந்தை நோக்கி முன்காலை எடுத்து வைக்க வந்த பிறகு அசல் பந்து.

மைதானத்துக்குப் புது நிலம் தேட வேண்டாம். லாக்ராஸ் மைதானம் 110 கஜ நீளம். அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம், இரு முனையிலும் உள்ள பத்துக் கஜ எண்ட் ஜோன்களோடு, 120. நடுவாகப் பொருத்தினால் லாக்ராஸின் கடைசிக் கோடு எண்ட் ஜோனின் நட்டநடுவில் விழும். அங்கிருந்து கோல் 15 கஜம் உள்ளே, அதாவது சரியாக ஃபுட்பாலின் 10 கஜக் கோட்டில். இரண்டு கோலுக்கும் நடுவே 80 கஜம். ஆட்டக்காரர்களைப் பக்கம் பிரித்து நிறுத்தும் ரெஸ்ட்ரெய்னிங் கோடு 30 கஜக் கோட்டில் பொருந்தும். டேப் எடுக்காமலே பாதி வேலை முடிந்துவிடும். கோலைச் சுற்றிய கிரீஸ் வட்டத்துக்கு, கோல் கோட்டின் நடுவில் ஒரு முளை அடித்து ஒன்பதடிக் கயிற்றில் பெயின்ட் டப்பாவைப் பிடித்து ஒரு சுற்று நடந்தால் போதும். கயிறு நீளாததாக இருக்க வேண்டும். நைலான் கயிறு இழுத்தால் வட்டம் முட்டையாகும்.

கோலுக்குப் பின்னால் தடுப்பு வலை வாங்குங்கள். இல்லாவிட்டால் பயிற்சியில் பாதி நேரம் பந்து பொறுக்கவே போகும். பந்து பத்து டஜன் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டப் பந்தில் ‘நாக்சி’ (NOCSAE, விளையாட்டுச் சாமான்களுக்குத் தரம் விதிக்கும் அமைப்பு) தரமுத்திரை அச்சாகி இருக்க வேண்டும். ஒரு சீசன் ஆடிய பந்து பளபளவென்று வழுக்க ஆரம்பிக்கும், அதற்கு ‘கிரீஸர்’ என்றே பெயர். வலையில் பிடிமானம் இருக்காது. கஞ்சத்தனம் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

குட்டை ஸ்டிக் 40 முதல் 42 அங்குலம், டிஃபென்ஸ் ஆட்களின் நெட்டைக் கம்பு 52 முதல் 72 அங்குலம். ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு நான்கு நெட்டைக் கம்புகள் மட்டுமே உள்ளே இருக்கலாம். புது அணிகள் மாற்று ஆளை அனுப்பும் அவசரத்தில் ஐந்தாவதை உள்ளே விட்டு அபராதம் வாங்குவது வாடிக்கை. பெஞ்சில் ஒருவருக்கு நெட்டைக் கம்பை எண்ணுவது மட்டுமே வேலை என்று கொடுங்கள்.

உண்மையில் சறுக்கும் இடம் சாமான் அல்ல. சாமானுக்கு யூ.எஸ்.ஏ. லாக்ராஸ் அமைப்பின் ‘ஃபர்ஸ்ட் ஸ்டிக்’ திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். பயிற்சியாளரும் நடுவரும்தான் கிடைக்க மாட்டார்கள். புது வட்டாரங்களில் அணிகள் பெருகும் வேகத்துக்கு நடுவர்கள் பெருகுவதில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கே எல்லா ஆட்டத்தையும் வைத்தால் பாதி ஆட்டம் ரத்தாகும். அட்டவணை போடுவதற்கு முன் நடுவர் சங்கத்தைக் கேளுங்கள், வாரநாள் மாலைகளை எடுங்கள். உங்களில் இரண்டு பேராவது குளிர்காலத்திலேயே நடுவர் பயிற்சி முடியுங்கள். தலைமைப் பயிற்சியாளர் ஆடியவராக இருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நல்ல கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவரும், கல்லூரியில் லாக்ராஸ் ஆடிய துணைப் பயிற்சியாளர் ஒருவரும் சேர்ந்தால் போதும். ஆளுக்கு ஆள் காப்பது, உதவிக்கு நகர்வது, பிக் வைப்பது (எதிராளியின் வழியை மறித்து நிற்பது) எல்லாம் இரண்டு ஆட்டத்திலும் ஒன்றுதான்.

முதல் வருடம் வியூகம் எதையும் கற்றுத்தராதீர்கள். தரையில் உருளும் பந்தை எடுப்பது ஒன்றை மட்டும் தேய்த்துத் தேய்த்துச் சொல்லுங்கள். இடுப்பு தாழ, பின்கை கிட்டத்தட்டப் புல்லைத் தொட, நிற்காமல் ஓடிக்கொண்டே வாரி எடுக்க வேண்டும். நின்று குனிந்து எடுப்பவன் முதுகில் இடி வாங்குவான், பந்தையும் இழப்பான். பள்ளி மட்டத்தில் தரைப்பந்தை அதிகம் எடுக்கும் அணிதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது.

மாமா பையனின் பழைய தோள்பட்டைக் கவசம் நன்றாகத்தான் இருக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா?
(ஃபீனிக்ஸ்)

உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். ‘நாக்சி என்.டி. 200’ என்று இல்லையென்றால் கூடாது. பள்ளி விதிப்படி கோலிகளுக்கு 2021 ஜனவரி முதலும், மற்றவர்களுக்கு 2022 ஜனவரி முதலும் இந்தத் தரம் கட்டாயம்.

காரணம் எலும்பு முறிவு அல்ல, இதயம். ஐந்து அவுன்ஸ் பந்து நெஞ்சின் இடப்பக்கம், இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடித்துளியில் பட்டால், ஆரோக்கியமான பிள்ளைக்கும் துடிப்பு குலைந்து இதயம் நின்றுபோகலாம். கொமோஷியோ கார்டிஸ் என்று பெயர். அரிது, ஆனால் நிகழ்ந்திருக்கிறது. பழைய கவசங்கள் தோளைக் காத்தன, இதயத்துக்கு மேலே வெறும் ஸ்பாஞ்ச். புதியவற்றில் அந்த இடத்தில் மட்டும் தனித் தகடு இருக்கும். அளவு பெரிதானால் தகடு வயிற்றுக்கு இறங்கிவிடும், ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று பெரிய அளவு வாங்க வேண்டாம். கூடவே பள்ளியைக் கேளுங்கள்: நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி மைதானத்தில் இருக்கிறதா, பூட்டிய அலுவலகத்திலா? பூட்டிய அறையில் இருப்பது இல்லாததற்குச் சமம்.

பெண்கள் ஏன் ஹெல்மெட் போடுவதில்லை?
(டாம்பா)

உங்கள் மாநிலத்தில் போடுகிறார்கள். பெண்கள் பள்ளி லாக்ராஸில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் ஃப்ளோரிடாதான். மற்ற பெரும்பாலான இடங்களில் கண் காப்பும் மவுத்கார்டும் கட்டாயம், மென்கவசம் விருப்பம். கோலி மட்டும் முழு ஹெல்மெட். பெண்கள் ஆட்டத்தில் உடல் மோதல் கிடையாது, கவசம் வந்தால் முரட்டுத்தனமும் வரும் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். பந்தும் கம்பும் தலையில் படுவது மோதலைக் கேட்டு வருவதில்லை. விருப்பம் என்று இருக்கும் இடத்திலும் மகளுக்கு வாங்கிப் போடுங்கள். ஆண்கள் ஹெல்மெட்டைப் போட முடியாது, பெண்கள் ஆட்டத்துக்கென்று தனித் தரம் உண்டு.

பழைய கோட்டைகளுக்கு வெளியே ஆடும் பிள்ளையைக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்ப்பார்களா? ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?
(சால்ட் லேக் சிட்டி)

பார்ப்பார்கள். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகமே 2019இல் முதல் பிரிவில் ஆண்கள் அணி தொடங்கிவிட்டது. ஆனால் முழு ஸ்காலர்ஷிப் கனவைக் கழற்றி வையுங்கள். லாக்ராஸில் பணம் பலருக்குப் பிய்த்துப் பிய்த்துப் பங்கிடப்படுவதே வழக்கம். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று பணமே கிடையாது, மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் தருவதுதான். அங்கே நல்ல மார்க் வாங்கும் பிள்ளைக்கு உதவி அதிகம் கிடைப்பதும் உண்டு.

முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை பிள்ளையோடு பேசக் கூடாது. அதற்கு முன் ‘பேசி முடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் ஆளிடம் போகாதீர்கள். அந்தத் தேதிக்கு முந்திய கோடையில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வந்து பார்க்கும் போட்டிகள் இரண்டுக்கு அனுப்புங்கள், மூன்று நிமிட வீடியோ ஒன்று தயாரியுங்கள். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டாமல், தரைப்பந்து எடுத்ததையும், பந்து இல்லாதபோது ஓடியதையும் சேருங்கள். எந்தச் சட்டை எண் என்று தொடக்கத்தில் வட்டமிட்டுக் காட்டுங்கள். அதைச் செய்யாத வீடியோவைப் பத்து நொடியில் மூடிவிடுவார்கள்.

ஒலிம்பிக்கில் லாக்ராஸ் என்கிறார்களே, அது இதேதானா?
(சான் ஹோசே)

அதன் தம்பி. 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டி அமர்வில்தான் கிரிக்கெட்டோடு சேர்த்து லாக்ராஸும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிக்கு நுழைந்தது. அங்கே ஆடப்போவது ‘சிக்ஸஸ்’: பக்கத்துக்கு ஆறு பேர், சிறிய மைதானம், எட்டு எட்டு நிமிடமாக நான்கு கட்டம், 30 நொடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும், நெட்டைக் கம்பு கிடையாது. இருபது பேர் சேராத கான்சஸ் பெற்றோர்கள் இதையும் யோசிக்கலாம். பன்னிரண்டு பிள்ளைகளோடு வசந்தம் முழுக்க ஆடிவிடலாம், அடுத்த வருடம் பெரிய மைதானத்துக்குப் போகலாம்.